பத்தாயத்தில் படுத்திருக்கும் பாட்டில்

பிரான்சின் தென்மேற்கு மூலையில் சேன் மோன் என்று ஓர் ஊர். அங்கே பிளேமோன் என்ற கூட்டுறவுச் சங்கம் பழைய திராட்சைக் கொடிகளின் பழத்தில் சிவப்பு ஒயின் செய்கிறது. போன வருஷம் புரட்டாசியில் அந்தச் சங்கத்துக்கு நேரில் போய் நான்கு பாட்டில் வாங்கி வந்தேன், இரண்டைக் குடித்துவிட்டேன், ஒன்றைக் கொடுத்துவிட்டேன், ஒன்று வீட்டில் இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் குடித்த ஒயின்களில் இதுதான் முதலிடம். ஆனால் நம் ஊர் வெயிலில் இதை எப்படி வைப்பது, எப்படித் திறப்பது என்று தெரியாமல் திறந்தால் கொடுத்த காசு வீண். அதை முதல் பாட்டிலில் கற்றுக்கொண்டேன்.

எனக்கு வீடு காரைக்காலில், நிலம் நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் பொறையாறு அருகே. காரைக்கால் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை, வீட்டுக்கு ஒருவராவது பிரான்சில் இருப்பார்கள். எங்கள் அக்காவின் கணவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை எங்கள் ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வோம். தார்ப் நகரத்தில் இருக்கும் பாராசூட் படையில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், போன வருஷம்தான் நானும் வீட்டுக்காரம்மாவும் போனோம். போன மறுநாளே அத்தான் கேட்டார், "மாப்ளே, ஈபிள் டவரை எல்லாரும் பாத்துட்டாங்க, நீ விவசாயி, உனக்கு ஒரு சங்கத்தைக் காட்டுறேன் வா." தார்பில் இருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான். வழியில் எல்லாம் மக்காச்சோளம், வாத்துப் பண்ணை, அதூர் ஆறு. ஆற்றைப் பார்த்ததும் மனசுக்கு ஊர் மாதிரி இருந்தது, நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் பிரனீஸ் மலை தெரிந்தது.

நாங்கள் போன நாள் அறுவடைக் காலம். டிராக்டர்கள் திராட்சை நிரப்பிய டிரெய்லரோடு வரிசையாக நின்றன. அதைப் பார்த்தவுடன் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பா கரும்பு போட்டவர். வெட்டு உத்தரவு எப்போது வரும் என்று காத்திருந்து, வந்ததும் வெட்டி ஏற்றி, ஆலை வாசலில் ராத்திரி முழுக்க நின்று, கரும்பு காய்ந்து எடை குறைந்து, கடைசியில் அந்தப் பணம் இரண்டு தீபாவளிக்கு அப்புறம் வந்தது. எந்த ஆலை என்று எழுத விரும்பவில்லை. இங்கே நின்ற டிராக்டர்களில் யாரும் படுத்துத் தூங்கவில்லை. டிரெய்லர் வந்து நிற்கிறது, ஒரு சின்னக் கருவியில் சாற்றின் இனிப்பைப் பார்க்கிறார்கள், எடை போடுகிறார்கள், பழத்தை இறக்குகிறார்கள், அடுத்த வண்டி. நம் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டுகிறதா என்று மெஷின் வைத்துப் பார்ப்பார்களே, அந்த இடத்தில் இவர்களுக்கு இனிப்பு.

பழைய பிரெஞ்சுக் கூட்டுறவுச் சங்கங்களில் ஒரு கணக்கு உண்டு என்று அத்தான் விளக்கினார். பழத்தின் எடையை, அதில் இருந்து வரக்கூடிய ஆல்கஹால் அளவால் பெருக்குவார்கள், வருகிற எண்ணுக்குப் பணம். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், எடைக்குப் பணம் என்றால் எந்த விவசாயி கிழட்டுக் கொடியை வைத்துக்கொண்டிருப்பான்? திராட்சைக் கொடிக்கு வயசு ஆக ஆகக் காய்ப்பு குறையும். கொத்தும் குறைவு. வேர் ஆழத்துக்குப் போய்விடுவதால் ஒரு வருஷ மழை பொய்த்தாலும் பெரிதாகத் தவிக்காது, பழத்தில் சாரம் கெட்டியாக நிற்கும், ஆனால் தராசுக்கு அது தெரியாது. அப்போது கணக்குப் பார்க்கிற குடும்பம் பழங்கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதுசு நடும். தரத்துக்குப் பேர் வாங்கிய சங்கங்கள் இப்போது தோட்டத்துக்கே ஆள் அனுப்பிக் கொடியின் வயசையும் நிலத்தையும் பார்த்துத் தோட்டத்தைத் தனியாகப் பிரித்து வைத்து, அந்தப் பழத்துக்குத் தனி விலை போடுகின்றன. பழங்கொடிப் பழத்தைத் தனித் தொட்டியில் ஊற வைக்கிறார்கள், மற்றதோடு கலப்பதில்லை. பழங்கொடி ஒயின் என்று ஒரு பாட்டில் கடைக்கு வருவதற்கே இந்த ஏற்பாடுதான் காரணம்.

எனக்கு இது நெஞ்சைத் தொட்ட இடம். நான் மூன்று வருஷமாக ஒரு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன். போன பட்டத்தில் கண்டது 14 மூட்டை, பக்கத்து வயலில் புது ரகம் 30 மூட்டைக்கு மேல். கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே தட்டுதான், மாப்பிள்ளைச் சம்பா என்று ஒரு தட்டு கிடையாது. அப்புறம் யார் போடுவார்கள்? திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார், 2018இல் அவர் காலமான பிறகும் விதை கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதை வாங்கிப் பிரித்து அரைத்துப் பேர் போட்டு விற்க நம் சங்கங்களில் எத்தனை முன்வந்தன? சங்கச் சுவரில் எல்லாம் "கூட்டுறவே நாட்டுயர்வு" என்று எழுதியிருக்கிறது. நான் அதை மனசார நம்புகிறவன். அதனால்தான் சேன் மோனில் நின்றபோது பொறாமையாகவும் இருந்தது, நம்பிக்கையாகவும் இருந்தது.

பிளேமோன் என்ற பேரே மூன்று ஊர்ச் சங்கங்களின் பேரில் இருந்து எடுத்தது: பிளேசான்ஸ், எஞ்ஞான், சேன் மோன். 1979இல் ஒன்றாகச் சேர்ந்தார்கள், முன்னால் நின்றவர் ஆந்த்ரே துபோஸ்க். அதுவரை அந்த வட்டாரத் திராட்சை பெரும்பாலும் ஆர்மாஞ்ஞாக் என்ற பிராந்திக்கும் மலிவு ஒயினுக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உறுப்பினர்கள். சேன் மோன் என்ற பேருக்கு முழு ஊர்ப்பெயர் உரிமை, நம் புவிசார் குறியீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 2011இல் கிடைத்தது.

அவர்கள் பழைய ரகங்களைக் காப்பாற்ற ஒரு தனித் தோட்டமே வைத்திருக்கிறார்கள், நம் பக்கம் விதை வங்கி என்கிறோமே அதுபோல. எல்லாரும் மறந்துபோன மான்சாங் நுவார், தார்திஃப் போன்ற ரகங்களை அங்கே இருந்துதான் மறுபடியும் நடவுக்குக் கொண்டுவந்தார்கள். இதில் மான்சாங் நுவார் ஆல்கஹால் குறைவாகத் தரும் ரகம். வருஷா வருஷம் வெயில் ஏறி, பழத்தில் இனிப்பு ஏறி, ஒயினில் ஆல்கஹால் கூடிக்கொண்டே போகிற இந்தக் காலத்தில் தாத்தா காலத்து ரகம் கைகொடுக்கிறது. வெள்ளம் வந்தால் நிற்கிற நெல் எது, உப்புத் தண்ணீரைத் தாங்குகிற நெல் எது என்று கடற்கரையோர டெல்டாக்காரர்கள் தேடுகிறோமே, அதே கதை.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தான் சரகாஷி என்ற பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போனார். எல்லாரும் இதைப் பார்க்க வேண்டும். ஒரு சின்னத் துண்டு நிலம், அரை ஏக்கர்கூட இருக்காது, சுமார் 600 கொடி. நட்டு கிட்டத்தட்ட 200 வருஷம். 2012இல் பிரெஞ்சு அரசு இந்தத் தோட்டத்தை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தது, கோட்டைக்கும் கோயிலுக்கும் கொடுக்கிற அந்தஸ்தை ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு. அதில் 20 ரகம்போல இருக்கிறது, ஏழு ரகம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. இரண்டிரண்டு கொடியாகச் சேர்த்துச் சதுரமாக நட்டிருக்கிறார்கள், மாடு கட்டி நெடுக்கிலும் உழலாம், குறுக்கிலும் உழலாம். ஒற்றை நாற்று நடவு போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும், கோனோவீடர் என்ற களைக்கருவியை இரண்டு பக்கமும் ஓட்டத்தான் நாமும் சதுரமாக நடுகிறோம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அடிமரம் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி, கிளை மட்டும் பச்சைப் பசேல் என்று.

எப்படி 200 வருஷம் தப்பியது என்றால் மண். 1860களில் அமெரிக்காவில் இருந்து ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சுக்கு வந்து நாட்டுத் திராட்சையை எல்லாம் அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள், இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான ஒயின் திராட்சை ஒட்டுக் கன்றுதான். அந்தப் பூச்சிக்கு மணலில் பிழைப்பு இல்லை. அதனால் மணற்பாங்கான இந்த மாதிரித் துண்டு நிலங்களில் மட்டும் சொந்த வேரில் நிற்கிற கொடி மிச்சம். பிளேமோனில் 1871இல் நட்ட, ஒட்டுக் கட்டாத கொடிகளில் இருந்து தனியாக ஒரு ஒயின் போடுகிறார்கள். அதன் விலை நமக்குக் கட்டாது, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்ப வைத்தேன்.

நான் வாங்கியது சேன் மோன் சிவப்பு, சீட்டில் பழைய கொடிகள் என்று பிரெஞ்சில் போட்டது. பாட்டில் ஒன்று 15 யூரோவுக்குள் முடிந்தது. இந்த இடத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய கொடி என்று பாட்டிலில் போட பிரான்சில் சட்டப்படி வயசு வரம்பு கிடையாது, யாரும் போடலாம். திராட்சை, ஒயினுக்கான பன்னாட்டு அமைப்பு 2024இல்தான் 35 வருஷமோ அதற்கு மேலோ ஆனது பழங்கொடி என்று ஒரு வரையறை கொடுத்தது. அதனால் எங்கே வாங்கினாலும் கொடிக்கு எத்தனை வயசு என்று வாய்விட்டுக் கேளுங்கள். நல்ல இடத்தில் சந்தோஷமாகச் சொல்வார்கள். நான் அக்காவை விட்டுக் கேட்டேன், கடையில் இருந்த அம்மா கதவுக்கு வெளியே கூட்டிப்போய் எந்தச் சரிவு என்று கையைக் காட்டியே சொன்னார்.

திராட்சை ரகம் முக்கியமாகத் தன்னா. கூடப் பினாங், கபெர்னே கொஞ்சம். தன்னா என்பது முரட்டு ரகம், தோல் தடிமன், துவர்ப்பு அதிகம். நம் நாக்குக்குச் சொல்வதென்றால் நாவல்பழத்தைத் தோலோடு மென்றால் நாக்கு பிடிக்குமே, கிட்டத்தட்ட அது. கடையிலேயே குடித்துப் பார்க்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார்கள், பணம் கேட்கவில்லை, வாங்கச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. அங்கே குடித்தபோது துவர்ப்பு, அதன் பின்னால் கருப்புப் பழத்தின் ருசி, கடைசியில் மிளகு மாதிரி ஒரு காரம். ஊர் திரும்புகிறபோது ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் ஆளுக்கு இரண்டு பாட்டில், துணிக்கு நடுவில் சுற்றி வைத்து வந்து சேர்ந்தன.

முதல் பாட்டிலைத் திறந்தது சித்திரையில். சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார், ஆசையாக எடுத்தேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அலமாரியில் இருந்ததை அப்படியே திறந்து ஊற்றினேன். ஒரே நெடி. ஆல்கஹால் மூக்கில் ஏறுகிறது, பழ ருசியைக் காணோம், துவர்ப்பு மட்டும் தொண்டையில் நிற்கிறது. போதாததற்கு அன்றைக்கு வீட்டில் வஞ்சிரம் மீன் குழம்பு. புளி, மிளகாய், மீன் மூன்றும் இந்தத் துவர்ப்போடு சேர்ந்ததும் வாயில் இரும்பை வைத்த மாதிரி ஆகிவிட்டது. வந்தவர் மரியாதைக்கு அரைக் கிளாஸ் குடித்தார். எனக்கு மனசு ஆறவில்லை, சேன் மோனில் குடித்தது இதுதானா என்று.

அன்றைக்கு ராத்திரியே அத்தானிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னது: "மாப்ளே, அவங்க சொல்ற அறை 16, 18 டிகிரி. நம்ம கூடம் 34 டிகிரி. அது அறை இல்ல, அடுப்பு." அந்தப் பழமொழியே குளிர் நாட்டுக் கல் வீட்டுக்குச் சொன்னது. காரைக்காலில், தஞ்சாவூரில், கும்பகோணத்தில் சிவப்பு ஒயின் திறப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: குடிப்பதற்கு முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள், பாட்டிலைத் தொட்டால் பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி இருக்க வேண்டும், ஐஸ் குளிர்ச்சி வேண்டாம். ரொம்பக் குளிர்ந்தால் துவர்ப்பு இன்னும் கடுமையாகும்.

வைக்கிற இடமும் முக்கியம். இதற்கு முன் நம் ஊரில் ஒரு கடையில் வெளிநாட்டு ஒயின் வாங்கி ஏமாந்திருக்கிறேன், கண்ணாடி முகப்புக்குப் பக்கத்தில் வெயில் படும்படி நிற்க வைத்திருந்தார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் தக்கை மேலே தள்ளியிருந்தது, உள்ளே ஒயின் காய்ச்சின பழச்சாறு மாதிரி. வாங்கும்போது தக்கையைத் தடவிப் பாருங்கள், பாட்டில் வாய்க்கு மேல் புடைத்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். என் மூன்று பாட்டிலையும் நான் எடுத்துப்போய்ப் பத்தாயத்துக்குள் படுக்க வைத்தேன். தாத்தா காலத்துப் பத்தாயம், இப்போது விதை நெல் மட்டும் கொஞ்சம் கிடக்கிறது. வெளிச்சம் கிடையாது, பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ளே சூடு அதிகம் மாறுவதில்லை. படுக்க வைத்தால் தக்கை நனைந்தே இருக்கும், காய்ந்து காற்றுப் புகாது. உச்சி வெயில் மாதங்களில் மட்டும் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.

இரண்டாவது பாட்டில் ஐப்பசியில், அடைமழை மூன்றாம் நாள். கரண்டும் இல்லை. கூடத்திலேயே குளிர்ச்சி இருந்ததால் ஃபிரிட்ஜ் தேவைப்படவில்லை. இந்தத் தடவை ஒரு மணி நேரம் முன்னாலேயே திறந்து கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தேன். தன்னாவுக்குக் காற்று வேண்டும், காற்றுப் பட்டால் துவர்ப்பு இளகும். சேன் மோனுக்குப் பக்கத்து ஊரான மதிரானில் தொட்டியிலேயே சிறிது சிறிதாகக் காற்று விடுகிற முறையை 1990களில் கண்டுபிடித்ததே இந்த ரகத்தின் முரட்டுத்தனத்துக்காகத்தான். பித்தளை, செம்புச் சொம்பில் மட்டும் ஊற்றாதீர்கள், புளிப்பு பாத்திரத்தைத் தின்னும்.

அன்றைக்குச் சாப்பாடு வாத்துக்கறி. அறுவடைக்கு அப்புறம் வயலில் வாத்து மேய்க்க வருவார்களே, அவர்களில் ஒருவர் இந்தப் பக்கமே தங்கிவிட்டவர், அவரிடம் வாங்கியது. மிளகு தூக்கலாக, தேங்காய் இல்லாமல், கொழுப்பு வெளியே வரும்வரை நன்றாக வறுத்தார் வீட்டுக்காரம்மா. சேன் மோன் பக்கமும் வாத்துதான் சாப்பாடு, தினம் ஏதாவது ஒரு வடிவில் வாத்து. ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வாத்தின் கொழுப்பு நாக்கில் படிகிறது, ஒயினின் துவர்ப்பு அதைத் துடைத்துக்கொண்டு போகிறது, அடுத்த வாய்க்கு நாக்கு புதுசாக நிற்கிறது. பழ ருசி முழுசாக வந்தது. நாவல்பழம், கொஞ்சம் கருப்பட்டி, வெளியே மழையில் நனைந்த வைக்கோல் வாசம் அடித்ததா ஒயினில் இருந்தே வந்ததா தெரியவில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின. குடித்து முடித்த பிறகும் ரொம்ப நேரம் வாயில் நின்றது. வீட்டுக்காரம்மா ஒயினை விரும்பாதவர், இரண்டு வாய் குடித்துவிட்டு "இது மருந்து மாதிரி இல்லையே" என்றார். அவரிடம் இருந்து அது பெரிய பாராட்டு.

மட்டன் சுக்காவோடும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். சாம்பார், ரசம், மீன் குழம்பு வேண்டவே வேண்டாம். பச்சை மிளகாய்க் காரம் அதிகம் என்றாலும் துவர்ப்பு எரிச்சலாக மாறும், மிளகுக் காரம் மட்டும் ஒத்துப்போகிறது. மிச்சம் இருந்ததைத் தக்கை போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மூன்றாம் நாள் குடித்தோம், கெடவில்லை, இன்னும் மென்மையாகக்கூட இருந்தது.

மூன்றாவது பாட்டிலை நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். பொறையாறு பக்கத்துக்காரர், அவரும் பாரம்பரிய நெல் போடுகிறவர். எங்கள் வீட்டிலேயே வைத்துத்தான் குடித்தார், நண்டலாறு செக்போஸ்ட் தாண்டி எடுத்துப்போனால் தமிழ்நாட்டில் வழக்கு, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடித்துக்கொண்டே அவரிடம் அந்தச் சங்கம், தனித் தொட்டி, தனி விலை எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார், "நம்ம ஊர்ல பத்துப் பேர் சேந்து மாப்பிள்ளைச் சம்பாவைத் தனியா மூட்டை கட்டி, கொடியோட வயசு மாதிரி விதையோட ஊர், பேர் எல்லாம் போட்டு வித்தா?" பத்துப் பேரில் இப்போது ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். அடுத்த பட்டத்துக்கு விதை பிரித்தாகிவிட்டது.

நான்காவது பாட்டில் பத்தாயத்தில் அந்த விதை நெல்லுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. அத்தானும் அக்காவும் தை மாதம் வருகிறார்கள். வாத்துக்காரரிடம் இப்போதே இரண்டு சொல்லி வைத்துவிட்டேன்.